பாடியவர் பெயர்

பாட்டு முடிவதற்குள் அமிர்தவல்லி ரேடியோவை அணைத்துவிட்டாள்.

அடுத்து அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார். பிறகு, பாடியவரின் பெயரை.

"ஏம்மா நிறுத்திட்ட? பேரு சொல்லுவாங்களே."

கட்டிலில் இருந்த அப்பா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் போய் இரண்டு வருடம்.

"கரண்ட் போயிடுச்சுப்பா."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.



அப்பா நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். பாவாடை சட்டையில் அவளைத் திருச்சி வானொலி நிலையத்துக்கு அழைத்துப்போய், மைக் எட்டாததால் முக்காலிமேல் நிற்கவைத்துப் பாடவிட்டவர். வீடு வீடாக அந்தக் குரல் போயிற்று. பிறகு சினிமா அழைத்தது. நடித்தாள். தன் பாட்டைத் தானே பாடினாள். சுவரொட்டிகளில் 'வானொலி அமிர்தவல்லி' என்றே போட்டார்கள். படம் ஓடாத ஊரிலும் பாட்டு ஓடியது.

ரேடியோவில் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அப்பா வெற்றிலையை வாயில் போடமாட்டார்.

போன வருடம் தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது.

குரல் தங்கவில்லை.

"முகம் இருக்கேம்மா, போதும்" என்றார் பட முதலாளி. பாடுவதற்கு வேறொரு பெண் வந்தாள். படப்பிடிப்பில் ஒலிபெருக்கி அந்தப் பெண்ணின் குரலில் பாட, இவள் உதட்டை அசைத்தாள். பழக்கத்தில் ஒருமுறை சத்தம் வெளியே வந்துவிட்டது. விளக்குக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

இப்போது ரேடியோவில் வந்தது அந்தப் பாட்டுதான்.

வீட்டில் மட்டும் இதை அவள் சொல்லவில்லை. "பேசும்போதுதாம்ப்பா கரகரப்பு. பாடும்போது சரியாயிடுது" என்றிருந்தாள். அப்பாவும் தலையாட்டியிருந்தார்.

இப்போது அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

"நல்ல சாரீரம்" என்றார். "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?"

அவள் கட்டிலருகே வந்தாள்.

"எப்பலேர்ந்துப்பா தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, வாசல்ல நின்னு அப்பான்னு கூப்பிட்ட பாரு. அப்பவே."

நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். அழுகைகூடப் பிசிறாகத்தான் வந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இப்ப நீ பாடு."

"வராதுப்பா."

"வர்றது வரட்டும். நான்தானே கேக்கறேன்."

அவள் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.