இன்னும் ஒரு கோட்டை

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள புதுக் கேரவனில் வந்து இறங்கிய மாமியார், "வாங்க மாப்ள, நீங்க, நான், என் பொண்ணு மூணு பேருமா நிதானமா ஊர் சுத்தலாம்" என்றதுமே மாப்பிள்ளை கணக்குப் போட்டுவிட்டான். செங்குத்தான படிகள் உள்ள கோட்டைகளாகப் பார்த்து வண்டியை நிறுத்தினால், அவளே சலித்துப்போய் ஊர் திரும்பிவிடுவாள்.

முதல் கோட்டையில் அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. மாமியார் உச்சியிலிருந்து கையசைத்தாள். அடுத்ததில் அவனுக்குக் கால் பிசகியது.

மூன்றாவது கோட்டையில் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் மாமியார். "போதும் மாப்ள. இனிமே முடியாது."

அவனுக்கு வாயெல்லாம் பல். "அடடா! இப்பவே உங்களை உங்க வீட்ல விட்டுடறேன் அத்தை."

"என் வீடா? அதை வித்துத்தானே இந்த வண்டியை வாங்கினேன்! உங்க வாசல்லயே நிறுத்திக்கச் சொன்னாளே உங்க பொண்டாட்டி. உங்ககிட்ட சொல்லலையா?"

அவன் திரும்பிப் பார்த்தான். மனைவி, கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லாக ரசித்துக்கொண்டிருந்தாள்.