ராணிக்கு எந்த முகம்

'உப்பளத்து ராணி' இசை நாடகம் முதலில் மேடையேறியபோது செல்லக்கனி தன் சொந்த முகத்தோடும் குரலோடும்தான் ராணியாகப் பாடினாள். இரண்டாம் தயாரிப்பில் அரங்க அமைப்பு போயிற்று. உப்பளமும் அரண்மனையும் பார்வையாளர்கள் அணியும் மெய்நிகர்க் கண்ணாடிக்குள் சென்றுவிட்டன. மூன்றாம் தயாரிப்பில் நடிகர்களின் முகங்களும் போயின. டிக்கெட் வாங்குகிறவர் கண்ணாடியில் தனக்குப் பிடித்த முகத்தையும் குரலையும் ராணிக்கு வைத்துக்கொள்ளலாம். செல்லக்கனி சாம்பல் நிற உடையில் வெற்று மேடையில் ஆடிப் பாடினாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் அவள் கணவன் ஞானமுத்து பார்க்க வந்திருந்தான். கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டியபோது அவன் மட்டும், ஆரம்பத்திலேயே கழற்றிவிட்ட கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கண்ணாடியைக் கழட்டிட்டா என்ன தெரியும் உங்களுக்கு?" என்று உடை மாற்றும் அறையில் கேட்டாள்.

"டிக்கெட் வாங்குறப்ப உன் முகத்தைக் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. அதான் கழட்டுனேன்." அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "உதடெல்லாம் நீலம் பூத்திருந்துச்சு, கனி. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுன. எத்தனை நாளா இப்படி?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

"யாருமே கேக்கலையா?"

"அவங்களுக்கு ராணி நல்லாத்தானே இருக்கா."

அவன் அவளை நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். மறுநாள் வேறொருத்தி சாம்பல் உடை போட்டுப் பாடினாள். அரங்கில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்ட செல்லக்கனிக்கு அழுகை வரும் என்று ஞானமுத்து பயந்தான். அவளோ, "அப்பாடா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.