இன்னொரு முப்பது விநாடி

அடையாறு விளையாட்டுப் பரிசோதனைக் கூடத்தில், கால் வலுவை அளக்கும், நகராத சைக்கிளை விட்டு இறங்கிய ஃபராஸ் வாளியில் வாந்தி எடுத்தான். முப்பது விநாடி முழு மூச்சாக மிதித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

"போன வாரமே நல்ல அளவு வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை ரேஸை வெச்சுக்கிட்டு எதுக்குத் தினமும் வர்ற?" என்றாள் பரிசோதகராகப் புதிதாகச் சேர்ந்த மதுவந்தி.

"இன்னும் கொஞ்சம் ஏத்தலாம் மேடம்."

"ஏத்துவ. ரேஸ் அன்னிக்குக் கால் எழுந்திருக்காது."

ஃபராஸ் மூலையைப் பார்த்தான். மிதிப்பவர்களின் பக்கத்தில் நின்று குரல் கொடுத்து உற்சாகப்படுத்தும் கல்யாணராமன், அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா பேசுங்க மேடம். சாரோட பையன் தவறி ஆறு மாசம் ஆவுது. வீட்ல தனியா கீறாரு. யாராண்டையும் பேசறதில்ல. யாராவது மிதிச்சாதான் 'விடாதடா கண்ணா'ன்னு வாயைத் தொறக்கறாரு. இந்த வாரம் டெஸ்ட்டுக்கு வேற யாரும் வரல."

மதுவந்தி கையிலிருந்த குறிப்பேட்டை மூடி வைத்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்து, மனத்துக்குள் கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறினாள்.

"சார், கொஞ்சம் வாங்களேன். நானும் ஒரு தடவை மிதிச்சுப் பார்க்கறேன். நீங்கதான் சத்தமா சொல்லணும்."