முதல் வெடி

“எழிலு, சத்தம் காட்டாத! இப்ப வெடிக்கப் போவுது.”

பால்கனியில் மின்சார வறுவல் மிஷினுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கிருபாகரன். இட்லிப் பானை அளவுதான் இருக்கும் அந்த மிஷின். உள்ளே டிரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனபோது மகன் வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் கோயில், குளம் என்று கிளம்புவார்கள். இவர் பச்சைக் காப்பிக்கொட்டையும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

“நான் எங்கங்க சத்தம் போட்டேன்? ஹைவேல போற லாரிய போய்க் கேளுங்க” என்றாள் எழிலரசி.

சூடு ஏறியதும் கொட்டை, கடுகு பொரிவதுபோல் ‘பட் பட்’டென்று வெடிக்கும். அதைக் கேட்டுத்தான் இறக்கும் பக்குவத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். தாமதித்தால் கரி, முந்தினால் பச்சை வாடை.

“நான் கலரப் பாத்துக்கறேன். வெடிக்கிற சத்தத்த நீ கேட்டுச் சொல்லு. உனக்குத்தான் பாம்புக் காதாச்சே!” என்று மிஷின் வந்த அன்றே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

வினை அங்கேதான் வந்தது. எழிலரசிக்குக் கொஞ்ச காலமாகவே காது மந்தம். முகத்துக்கு நேராகப் பேசினால் புரிந்துகொள்வாள். மெல்லிய சத்தம் எதுவும் எட்டாது. இதை அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அவளுடைய அத்தைக்கும் இப்படித்தான் ஆயிற்று. முதலில் வீடே அவளிடம் கத்திப் பேசியது. பிறகு சாப்பிடு, படு என்று அவசியத்துக்கு மட்டும் பேசியது. கிருபாகரனோ கல்யாணமான நாளிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்தே அவளைக் கேலி பண்ணுகிறவர். கேலியைக் கத்திச் சொல்ல முடியுமா? காது போனது தெரிந்தால் அந்த முணுமுணுப்பும் நின்றுவிடும் என்று அவளுக்கு உள்ளூரப் பயம். அதை நினைத்தாலே அழுகை வந்துவிடும்.

அதனால் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். வறுத்துக்கொண்டே இருக்கும்போது அவர் திடீரென்று நிமிர்ந்து, புருவத்தைத் தூக்கி அவளைப் பார்ப்பார். சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே, “வெடிச்சிடுச்சி!” என்றுவிடுவாள்.

என்ன மாயமோ, அப்படியும் ஒரு வாரம் கரியும் மறு வாரம் பச்சையுமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

“இன்னா அண்ணே, இன்னிக்குக் கரியா, கஷாயமா?” என்று கேட்டுக்கொண்டே எதிர் ஃபிளாட் ஜமீலா உள்ளே வந்தாள். அவள் குரல் நசரத்பேட்டை வரை கேட்கும். “மொதல்லயே சொல்ட்டீங்கன்னா எங்க ஊட்ல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேன்.”

“கிண்டல் பண்ணு தாயி, பண்ணு” என்றார் கிருபாகரன்.

“கிண்டல் இல்லண்ணே. போன வாரம் நீங்க குடுத்த பொடியில எங்க ஊட்டுக்காரரு பல்லு வெளக்கிட்டாரு! நல்லா பளபளன்னு கீதாம்.”

எழிலரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் கண் அவர் முகத்திலேயே இருந்தது. அடுப்பில் கறிக்குழம்பு கொதித்து வீடு முழுக்க மணந்ததால், இன்று வாசனையை வைத்துக்கூட எதையும் மதிப்பிட முடியவில்லை. மிஷினின் சின்னக் கண்ணாடியையும் அவர் தோள் மறைத்துக்கொண்டிருந்தது.

கிருபாகரன் நிமிர்ந்தார். புருவம் மேலே போயிற்று.

“வெடிச்சிடுச்சி! நிறுத்துங்க, நிறுத்துங்க!”

அவர் சுவிட்சை அணைத்தார். “நல்லா கேட்டுச்சா?”

“பட்டுப் பட்டுனு கேட்டுச்சே! ஏன், உங்களுக்குக் கேக்கலியா?”

“எனக்கு ஒண்ணியும் கேக்கலியேக்கா” என்றாள் ஜமீலா.

“அதுக்கெல்லாம் ஒரு காது வேணும்டி” என்று எழிலரசி தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

தன் வீட்டு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஜமீலாவுக்கு ஞாபகம் வந்தது. “ஐயோ, பொங்கிடுச்சோ இன்னாவோ!” என்று ஓடினாள். அவள் போய்க் கதவு சாத்தியதும் கிருபாகரன் டிரம்மைக் கழற்றி மனைவியின் முன்னால் கவிழ்த்தார்.

ஒன்றும் விழவில்லை.

“இன்னிக்கு உள்ள ஒரு கொட்ட கூடப் போடல எழிலு.”

எழிலரசியின் குட்டு உடைந்துவிட்டது. இனி இந்த மனுஷனும் கத்தத்தான் போகிறார் என்று நினைத்தபோதே கண் கலங்கிவிட்டது.

கிருபாகரன் கத்தவில்லை. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்று, எப்போதும்போல் வாய்க்குள்ளேயே சிரித்தார். “டிவிய அவ்ளோ சத்தமா வச்சிக்கினு கீறோம்னு இந்த வாரந்தான் எனக்கே தெரிஞ்சிச்சி. நீயும் ஒரு நாள் கூட கொறைக்கச் சொல்லல. அதான் சந்தேகம் வந்துச்சு. நாளைக்கே நீயும் அந்த டாக்டராண்ட வா.”

“எந்த டாக்டருங்க?”

அவர் தலையைத் திருப்பிக் காட்டினார். காதுக்குள்ளே மொச்சைக்கொட்டை அளவில் புத்தம் புதுசாக ஒரு மிஷின் உட்கார்ந்திருந்தது.

“புதன்கெழமதான் வச்சாங்க. அதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு வெடி கேட்டதில்ல. உன் பாம்புக் காத நம்பி, ‘வெடிச்சிடுச்சா, வெடிச்சிடுச்சா’ன்னு உன் மூஞ்சியத்தான் நிமிந்து நிமிந்து பாத்துக்கினு இருந்தேன்!”