நாற்பது வாய்

கோயிலில் நற்கருணை வாங்கும் கிராதியின் முதல் இடத்தில் மண்டியிட்டபோது தைரியநாதன் உதடுகளை இறுக்கி மூடியிருந்தான்.

அவனுக்கு இடப்பக்கம் தம்பி அந்தோணிராஜ். அதற்கப்புறம் பெரிய தெருவின் முப்பத்தெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக. எல்லார் வாயும் மூடியிருந்தது.

திட்டம் அவனுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராவிட்டால் பாவம். பிஷப்பும் கேள்வி கேட்பார். அதனால் வருவது. வரிசையாக மண்டியிடுவது. சாமியார் நற்கருணையோடு எதிரில் வந்து நிற்கும்போது வாயைத் திறக்காமல் இருப்பது.

நாற்பது பேரும் திறக்காவிட்டால் பெர்நார்து சாமியார் நிரம்பிய பாத்திரத்தோடு கிராதி நெடுக நடக்க வேண்டியதுதான். பிஷப்புக்குச் சண்டை பிடிக்காது. சாமியாரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். கோயிலை ஒட்டிச் சாமியார் நடத்தும் கொட்டகைப் பள்ளிக்கூடமும் அதோடு சரி.

சாமியார் வந்து ஆறு மாதம் ஆகிறது. பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு, பெங்களூர் மடத்தில் படித்த புத்தகத் தமிழ். அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறுகிறது என்று பூந்தமல்லிக் கடைக்காரர்கள்கூடப் பிள்ளைகளை அனுப்பினார்கள். வெள்ளைக்காரச் சாமியார் காய்ச்சலோடு கப்பலேறிய பிறகு பூசை வைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. கோலார் தங்கவயலிலிருந்து லீவில் வந்த ஒருவன் சொன்னான். சாமியாரின் குடும்பம் அங்கே சுரங்க வேலைக்குப் போன சேரிக் குடும்பம்.

பலப்பம் பிடித்துக்கொடுக்கும் கை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தெருக் கூட்டத்தில் தைரியநாதன் சொன்னான். கையில் பட்டதைக் கழுவலாம். நாக்கில் படுவதை எப்படிக் கழுவுவது?

எல்லாரும் தலையாட்டினார்கள். அவன் பேசி முடித்தால் பெரும்பாலும் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பிறந்தபோது அவன் அழவே இல்லையாம். நீலம் பூத்துக் கிடந்தானாம். குழி வெட்ட ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்புறம் வாயைத் திறந்தவன் இன்னும் மூடவில்லை என்று அவன் அம்மா சாகிறவரை சொல்லிச் சிரித்தாள்.

காலையில் கோயில் வாசலில் அந்தோணிராஜ் அதை வைத்துத்தான் சீண்டினான்.

"எங்களுக்கு இன்னா, மூடிகினு இருந்துருவோம். நீ தாங்குவியா அண்ணாத்தே?"

"உன் வேலயப் பார்றா. சாமி எதுர்ல நிக்கசொல்ல நீ கொட்டாவி உட்டுறாதே."

வாசலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஏற்கெனவே ஜெயித்துவிட்டவர்களின் சிரிப்பு.

இப்போது மணி அடித்தது. சாமியார் பீடத்தின் படியிறங்கி வந்தார். தைரியநாதன் எதிரில் வந்து நின்றார்.

இரண்டு விரல்களுக்கு நடுவே வெள்ளை அப்பத்தை உயர்த்தி, லத்தீனில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். காத்திருந்தார்.

தைரியநாதன் கண்ணை மூடவில்லை. நேராகப் பார்த்தான். உபவாசத்தில் பச்சைத் தண்ணீர்கூடப் படாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

கோயிலின் பின்பாதியில் சேரிக்காரர்கள் தரையில் இருந்தார்கள். அவர்கள் முறை எப்போதும் கடைசி.

சாமியார் அடுத்த ஆளிடம் நகரவில்லை. குனிந்தார். அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். புத்தகத் தமிழ் இல்லை.

"நீ பொறந்த அன்னிக்கும் இப்டித்தான் தொறக்க மாட்டேன்னியாம் அண்ணாத்தே. எங்கம்மா சுண்டு வெரல உள்ள உட்டு கோழைய வழிச்சிப் போட்டப்புறந்தான் கத்துனியாம்."

நூம்பல் சேரித் துலுக்கானம்.

அப்போதெல்லாம் பெரிய தெருவுக்கு வேறு மருத்துவச்சி கிடையாது. கொல்லை வழியாக வருவாள், கொல்லை வழியாகவே போவாள். அவள் போனதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஜார்ஜ் ராஜா பட்டமேறிய வருஷம், காலரா வந்தது. அதோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். எங்கே என்று தெருவில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தைரியநாதன் வரிசையைப் பார்த்தான். தம்பி. சித்தப்பா மகன். லூர்தம்மா அக்கா. இருபத்தைந்து வயதுக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். மற்ற முப்பத்தாறு வாயிலும் அந்தச் சுண்டுவிரல் போய் வந்திருக்கிறது.

ஏதோ கேட்க வாயைத் திறந்தான்.

சாமியாரின் கை அசையவில்லை. திறந்த வாய்க்கு நாலு விரற்கடை தள்ளி அப்படியே நின்றது. மூடிக்கொள்ள அவனுக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

அவன் நாக்கை நீட்டினான்.

காய்ந்த நாக்கில் அது ஒட்டிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் அந்தோணிராஜின் பல் நறநறவென்றது. கயிற்றின் மூன்று முடிச்சுகளும் ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்து நின்றன.

மறுபடி அந்தக் குரல்.

"உனுக்குக் காலு மொதல்ல வந்துச்சாமே, நைனா?"