கால் ஒடிந்த எழுத்து

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் சிரிப்பு முந்திக்கொள்ளும்.

அப்போது எங்கள் ருமேனியாவில் வீட்டில் டைப் மெஷின் வைத்திருப்பது துப்பாக்கி வைத்திருப்பது மாதிரி. வருஷத்துக்கு ஒருமுறை போலீஸில் கொண்டுபோய்ப் பதிவு செய்து, எல்லா எழுத்தையும் அடித்து மாதிரி கொடுக்கணும். எவனாவது நோட்டீஸ் ஒட்டினால், எந்த மெஷின் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் விறகுக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ்: ‘நாங்கள் குளிரில் சாகிறோம். மேலே இருப்பவர்களுக்கு வியர்க்கிறதா?’

அதில் ‘எம்’ எழுத்துக்கு ஒரு கால் இல்லை.

அடித்தவள் ஊறுகாய் ஆலை டைப்பிஸ்ட் வெதூரியா. பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ரிப்பேர்க்காரன் லிவியுவிடம் ஓடினாள். அவன் முன்பு கல்லூரியில் தத்துவ வாத்தியார். வேலை போனதிலிருந்து கையில் திருப்புளி.

“அண்ணே, இந்த எழுத்தை மாத்திக் குடுங்க. ஜெயில்ல போட்டுருவாங்க!”

“புது எழுத்து கிடைக்காதும்மா. ஜெயிலுக்கும் நாலு சுவர், வீட்டுக்கும் நாலு சுவர். எதுலயும் அர்த்தம் கிடையாது.”

“நீயெல்லாம் மனுஷனா?” அழுதுகொண்டே போனாள்.

அவனோ நேரே போலீஸ் கேப்டன் பிர்சானிடம் போனான்.

“தோழர், மாதிரி பளிச்சுன்னு விழணும்னா ஊர் மெஷினையெல்லாம் முன்னாடியே துடைக்கணும். நானே செய்யறேன், சும்மாவே.”

“எதையும் நம்பாதவன்தான்யா நமக்குத் தோதான ஆளு!” கேப்டன் குஷியாக உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

பையோடு வீடு வீடாகப் போனவனை ஊரே ஏசியது. “கேப்டன் பூட்ஸையும் துடைச்சிட்டு வந்தியாடா?”

பதிவு நாள். மெஷினுக்கு ஒரு டோக்கன் ஒட்டிக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. கேப்டன் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். முதலில் பள்ளிக்கூட மெஷின். எம்முக்கு ஒரு கால் இல்லை.

“ஆப்டான்!” என்று துள்ளினார். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார்.

அடுத்தது பாதிரியாருடையது. கால் இல்லை. தபால் ஆபீஸ், இல்லை. கட்சி ஆபீஸ், ஐயோ, அதிலும் இல்லை. வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பாதிரியாருக்குப் புரையேறிவிட்டது.

“டேய் லிவியு! எல்லாத்தையும் அரத்தால ராவிட்டியா? உன்னைத் தொலைச்சுடறேன்!”

“தாராளமா மேலிடத்துக்கு எழுதுங்க, தோழர். உத்தரவு போட்டது நீங்கதான்னும் சேர்த்து எழுதிடுங்க.”

கேப்டன் தன் மெஷினை இழுத்து ஆத்திரத்தோடு ஒரு வரி அடித்தார். குனிந்து பார்த்தார். அங்கேயும் எம் நொண்டியது. முகம் வெளுத்துவிட்டது.

லிவியு பணிவாக வந்து அந்த மெஷினைத் தூக்கினான். அதில் ஒரு டோக்கன் ஒட்டி, வரிசையில் வெதூரியாவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான்.