வாசிக்காமல் விட்ட பெயர்

"என்ர மனுசியின்ர பேர் எங்க?"

சுடலைமுத்து கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அக்கராயன் பொதுநோக்கு மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடையில் யதுர்ஷிகா நின்றாள். கம்பஸில் ஆங்கில இலக்கியம் படித்த பெட்டை. ஊர்ப் பெண்களிடம் கதை கேட்டு ஆங்கிலத்தில் ஆய்வு எழுதி, அதைப் புத்தகமாக்கிக் கொண்டுவந்திருந்தாள். பன்னிரண்டு பெயர்களை வாசித்தாள். பன்னிரண்டு பேரும் மேடைக்கு வந்து புத்தகம் வாங்கினார்கள்.

சுடலைமுத்துவின் மனுசி மீனம்மாவைக் கூப்பிடவில்லை.

"மூண்டு நாள் எங்கட குசினிக்குள்ள இருந்து அவளோட கதைச்சனீ. புட்டும் சாப்பிட்டனீ. இல்லையெண்டு சொல்லு பாப்பம்!"

"ஓம் ஐயா. சாப்பிட்டனான்."

"என்னத்தைப் பற்றின புத்தகம் இது?"

"வெள்ளைக்காரன் ஆண்டுபோட்டுப் போன நாடுகளில, சனம் எப்பிடிப் பணியாமல் நிண்டது, தங்கட விஷயத்தைத் தாங்களே எப்பிடித் தீர்மானிச்சது எண்டதைப் பற்றி ஐயா. இலக்கியத்தில அது ஒரு பெரிய பாடம்."

"அப்ப என்ர மனுசி பணிஞ்சவளோ? முப்பது வருசம் என்னோட குடும்பம் நடத்தினவள்!"

சிலர் சிரித்தார்கள். சுடலைமுத்து சிரிக்கவில்லை.

"வீட்டுத்திட்டம் எண்டாலும் காணி எண்டாலும் லிஸ்ற்றில எங்கட பேர்தான் விடுபடும். தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள்தானே எண்டு நீயும் விட்டிட்டாய், என்ன?"

யதுர்ஷிகாவின் முகம் சுருங்கியது.

கிளிநொச்சிச் சந்தையில் வத்தகைப்பழம் விற்றுத் தலையெடுத்த மனுஷன். கோபத்திலும் பேரம்தான் வாயில் வரும்.

"சரி, பத்துப் பக்கம் வேண்டாம். ரெண்டு பக்கம் போடு."

"ஏலாது ஐயா."

"ஒரு பக்கம்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஒரு மூலையில பேரையெண்டாலும் போடன்!"

அதற்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"படிச்ச திமிர்!" என்று கத்தினார். "சோறு போட்ட வீட்டை மறந்திட்டாள்," என்று முன்வரிசையிலும் ஒரு குரல் கேட்டது.

பின்வரிசையில் இருந்து மீனம்மா எழும்பினாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைப் பேசாதேங்கோ. நான்தான் போடவேண்டாமெண்டனான்."

"நீயோ? அப்ப என்னத்துக்கு மூண்டு நாள் கதைச்சனீ?"

"எங்கட மூத்தவனைப் பற்றி ஆரோடயாவது கதைக்கோணும் போல இருந்தது. கதைச்சன்."

சுடலைமுத்து கதிரையைப் பிடித்துக்கொண்டார். மூத்த மகன், போரின் கடைசிச் சண்டையில் போனவன். அவன் பெயரை அவர்கள் வீட்டில் எடுப்பதில்லை.

"எத்தினையோ பேர் வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு போச்சினம். 'எழுதட்டோ அம்மா?' எண்டு கேட்டவள் இவள் ஒருத்திதான். வேண்டாமெண்டன். அதை உங்களுக்கும் சொல்லவேண்டாமெண்டன்."

அவர் மெல்ல மேடைப் பக்கம் திரும்பினார்.

"அதுக்காக இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு நிண்டனியே, பிள்ளை? பெரிய உபகாரம்."

"அது பரவாயில்லை ஐயா," என்று சிரித்தாள் யதுர்ஷிகா.

கூடப் படித்து, கூடவே வந்திருந்த சாரங்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"என்னடி பரவாயில்லை? ஐயா, அந்தக் கதைதான் ஆய்வின்ர உயிராம். 'பேரை மாத்திப்போட்டு எழுது, அந்த மனுசி இங்கிலீஸ் வாசிக்கப் போறாவோ?' எண்டு ஆய்வைப் பாத்த எங்கட கம்பஸ் சேர் சொன்னவர். பணியாமல் நிக்கிறதைப் பற்றி எங்களுக்குப் படிப்பிச்சவரே அவர்தான்! இவள் மாட்டன் எண்டிட்டாள். சேர் சிபாரிசுக் கடிதம் குடுக்கேல்லை. வெளிநாட்டில மேல்படிப்புக்குக் கிடைக்க இருந்த இடமும் போயிட்டுது."

"வாயை மூடு, சாரங்கா!"

மீனம்மா மேடைக்கு ஏறிவந்து யதுர்ஷிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"படிப்புப் போகுமெண்டு ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் 'ஓம், எழுது' எண்டிருப்பீங்கள், அம்மா."